வரிசையில் நனைந்து நின்றவள்

தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் என்று சொல்லிவிட்டு வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்துகொண்டிருந்த அந்த வைகாசியில், குழாயைத் திறந்தால் காற்று மட்டும் இருமிக்கொண்டு வந்த அந்த வைகாசியில், வாரியக் குடியிருப்பின் பதினோராம் பிளாக்கில், குட வரிசைக்குக் கடைசியில், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெண் வந்து நின்றாள். கூந்தல் முகத்தை மூடிக்கொண்டு இடுப்பு வரை தொங்கியது. இடுப்பில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம். எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் காலடியில் சிமெண்டுத் தரை மட்டும் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே போனது.

வேறு இடமாக இருந்தால் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். பதினோராம் பிளாக்கில் முதலில் வந்தது பயமல்ல, வயிற்றெரிச்சல்.

"இன்னாடி இது, குடிக்கத் தண்ணி இல்லாம நாம நாக்கத் தொங்கப் போட்டுகினு கீறோம், இவ தல முழுவிட்டு வந்து நிக்கிறா?" என்றாள் கன்னியம்மா. தரைத்தளத்துக்காரியான கன்னியம்மா வைத்ததுதான் வரிசையில் சட்டம். அவள் குரல் உயர்ந்தால் லாரிக்காரனே ஹோஸை இறுக்கிப் பிடிப்பான். "ஏம்மா, எந்த பிளாக்கு நீ? போர் போட்டு ஒளிச்சி வச்சிகினு கீறீங்களா?"

லாரி வந்தது, குடங்கள் நிரம்பின, நனைந்தவளுக்கு முன்னாலிருந்த குடத்தோடு தண்ணீர் தீர்ந்தது, லாரி போனது. வெயில் மண்டையைப் பிளந்தது. பகல் இரண்டு மணிக்கும் அவள் அங்கேயே நின்றாள், அப்போதும் கூந்தல் நுனியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது, அந்த வெயிலிலும் ஒரு நூல்கூடக் காயவில்லை என்பதை மாடிப் படியிலிருந்து பார்த்த பிறகுதான், இது போர் தண்ணீர் சமாச்சாரம் இல்லை என்று பதினோராம் பிளாக்குக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலமே கதவுகளில் வேப்பிலை தொங்கியது. பூசாரி வந்து தீச்சட்டி காட்டினார், சட்டி அணைந்துபோனது. பாஸ்டர் வந்து உரக்க ஜெபித்தார், பைபிளின் ஓரம் நனைந்து உப்பியதுதான் மிச்சம். தண்ணீர் வாரியத்தில் புகார் சொன்னதும் ஒருவர் வந்து அவளைச் சுற்றி வந்து பார்த்து, நோட்டில் "கசிவு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள் காலையில், இரண்டாம் மாடி நூர்ஜஹான், துணி அலசத் தண்ணீர் இல்லாத கோபத்தில், யாரிடமும் கேட்காமல், ஒரு அலுமினிய அன்னக்கூடையைக் கொண்டுபோய் அந்தக் கூந்தலுக்கு நேர் கீழே வைத்துவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் கூடை நிரம்பியது. நூர்ஜஹான் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தித்திப்பா கீது," என்றாள்.

அவ்வளவுதான். தாகத்துக்கு முன்னால் பேயாவது பிசாசாவது! கூந்தலுக்குக் கீழே ஒரு அண்டா, முந்தானைக்குக் கீழே ஒன்று, முழங்கை சொட்டுக்கு ஒரு சின்ன வாளி என்று வைத்தார்கள். திங்கள் செவ்வாய் தரைத்தளம், புதன் முதல் மாடி என்று கன்னியம்மா முறை போட்டாள். வெயில் தாக்குமே என்று யாரோ ஒரு பழைய பிளக்ஸ் பேனரைக் கட்டி அவளுக்குப் பந்தல் போட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவளைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றினார்கள். ஒன்பதாம் பிளாக்கிலிருந்து குடத்தோடு வந்தவர்களைக் கன்னியம்மா விரட்டினாள். பூசாரி மட்டும் ஒரு குடம் வாங்கிப் போனார், அவர் வீட்டிலும் தண்ணீர் இல்லை. அவளை யாரும் பேய் என்று சொல்லவில்லை. "அந்தம்மா" என்றார்கள். "அந்தம்மா இன்னிக்கி கொஞ்சம் மெதுவாத்தான் சொட்டுறாங்க," என்று காய்ச்சல்காரியைப் பற்றிப் பேசுவது போலப் பேசிக்கொண்டார்கள்.

முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கூடையை மாற்றும்போது குனிந்த தலை நிமிராமல் மாற்றினார்கள்.

தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வேறொன்று நடந்தது. காலை பதினோரு மணிக்கு, வழக்கமாக லாரி வரும் நேரத்துக்கு, நாலாம் மாடியிலிருந்து ஒரு கைக்குழந்தை அழும். பசிக்கு அழுகிற அழுகை, முதலில் சிணுங்கி, பிறகு வீறிட்டு, பிறகு தொண்டை கட்டி ஓய்கிற அழுகை. நாலாம் மாடியில் கைக்குழந்தை இருக்கிற வீடே கிடையாது. ஏறிப்போய்ப் பார்த்தவர்களுக்கு, படியில் ஈரமான கால் தடங்கள் மேலே போய் மூன்றாம் மாடியோடு நின்றுவிட்டது தெரிந்தது, அவள் பந்தலைவிட்டு ஓர் அடிகூட நகராமல் கீழேயே நின்றபோதும். நாலு வருஷமாக வறண்டு கிடந்த குழாய்களுக்குள்ளே சொட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் தண்ணீர் வராது, நீளமாக ஒரு தலைமுடி வரும். புதிதாகக் குடிவந்தவர்கள் முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுச் சமையலைப் பார்த்தார்கள். பழையவர்கள் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்கள்.

ஏனென்றால் பழையவர்களுக்கு அந்த மஞ்சள் குடத்தைத் தெரியும். குடம் மாறிப்போகாமலிருக்க எல்லாரும் ஏதாவது குறி வைப்பார்கள். அந்தக் குடத்தின் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சில் "சு" என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் சாலையில், தலையில் நிறைகுடத்தோடு குறுக்கே போனபோது வண்டி அடித்து, குடத்துத் தண்ணீர் மொத்தமும் தன் மேலேயே கொட்டி, நனைந்தபடி செத்துப்போன நாலாம் மாடி சுகுணாவின் குடம் அது. பழையவர்கள் எல்லாருமே பார்த்தார்கள். பார்த்ததாக ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

எஸ்தர் முதல் நாளே பார்த்துவிட்டாள். மூன்றாம் மாடியில் ஈரக் கால்தடம் வந்து நின்றது அவள் வீட்டு வாசலில்தான்.

எஸ்தருக்குப் பிள்ளையில்லை. புருஷன் ஒரு குடோனில் வாட்ச்மேன். சுகுணா செத்தபோது அவளுடைய ஆறு மாதக் குழந்தையைக் கையில் வாங்கியவள் எஸ்தர்தான். சுகுணாவின் புருஷன் தணிகாசலம், குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிறபோதெல்லாம் மகள் ஜீவிதா ஒரு மாடி இறங்கி வந்து எஸ்தரிடம் சாப்பிட்டுத் தூங்கினாள். செய்த ஒன்றுக்குப் பரிகாரமாகச் சோறு போட ஆரம்பித்த எஸ்தர், இரண்டாம் வருஷத்திலேயே பரிகாரத்தை மறந்துவிட்டாள், சோறு மட்டும் மிஞ்சியது, பிள்ளைமேல் உயிரையே வைத்துவிட்டாள். இப்போது ஜீவிதாவுக்குப் பன்னிரண்டு வயது. "அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்து கேட்காமலே சட்டியைத் திறந்து பார்க்கிற பிள்ளை.

நனைந்தவள் வந்து நின்ற நாளிலிருந்து ஜீவிதாவுக்குத் தாகம் அடங்கவில்லை.

முதலில் வெயில் என்றார்கள். ஒரு சொம்பு குடித்தாள், இன்னொன்று கேட்டாள். லாரித் தண்ணீர் குடித்தாள், அந்தம்மா தண்ணீரைக் குடித்தாள், கடையில் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். குடித்த வாய் குடித்த மாதிரியே இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம், சர்க்கரை, எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் வாரத்தில் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. மூன்றாம் வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம் இறங்கி, கை கால் குச்சியாகி, பேச நாக்குப் புரளாமல், ஒரு குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தாள். தணிகாசலம் வண்டியை எடுக்காமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத்தை, பதினோரு மணிக்கி ஒரு கொயந்த அழுவுதே, அதுக்கு யாராச்சும் பால் குடுக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டாள் ஜீவிதா. "அது அழுவுறப்போ எனக்குத் தொண்டை காயுது."

எஸ்தர் ஈரத்துணியால் அவள் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. அந்தக் குழந்தை யார் என்று அவளுக்குத் தெரியும், கேட்கிறவளேதான் அந்தக் குழந்தை. சுகுணா எதற்கு நிற்கிறாள் என்பதும் தெரியும். அவளுக்குச் சேர வேண்டிய இடத்தைக் கொடுத்து, ஒரு குடம் தண்ணீர் பிடிக்கவிட்டால் போய்விடுவாள். போய்விட்டால் இந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எஸ்தர் வாய் திறக்க வேண்டும், திறந்தால் பிள்ளை தன்னை மறுபடி அத்தை என்று கூப்பிடுமா என்று நினைத்து நினைத்து இரண்டு நாள் கழித்தாள். அந்த இரண்டு நாளில் ஜீவிதா இன்னும் வற்றிப்போனாள். மூன்றாம் நாள் எஸ்தருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

லாரி வரும் நாள். வரிசையில் குடங்கள் நின்றன. பதினோராம் பிளாக்கில் குடம்தான் ஆள். வீட்டுக்கு ஒரு குடத்தை வரிசையில் போட்டுவிட்டால் போதும், உலை வைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம், திரும்பி வந்தால் இடம் அப்படியே இருக்கும். அடுத்தவள் குடத்தைத் தொடுவதைவிட அடுத்தவள் புருஷனைத் தொடுவது மேல் என்பது கன்னியம்மாவின் சட்டம். ஜீவிதாவும் அன்று வந்திருந்தாள். தண்ணீர் இருக்கும் இடத்தைவிட்டு அவளால் இருக்க முடியவில்லை, தன் வீட்டுக் குடத்தின் மேல் சாய்ந்து சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசையின் கடைசியில் நனைந்தவள். மேலே பதினோரு மணி அழுகை தொடங்கியது.

"சுகுணா எங்கைல சொல்லிட்டுத்தான் போனா," என்றாள் எஸ்தர், யாரையும் பார்க்காமல். "அன்னிக்கி அவ கொடம் நாலாவது. 'கொயந்த அழுவுது எஸ்தரு, பால் குடுத்துட்டு வந்துர்றேன், கொடத்தப் பாத்துக்கோ'ன்னா. சரின்னேன். எனக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு மாசம். தண்ணியில்லாம மேல போனா மாமியார் கிழிச்சிருவாங்க. அவ படியேறுனதும் அவ கொடத்தத் தள்ளிட்டு என் கொடத்த அங்க வச்சேன். அவ வந்து பாக்குறப்போ கொடம் கடசீல கெடந்துச்சி, லாரி பூட்டுது. ஒரு வார்த்த திட்டல. கொடத்தத் தூக்கிகினு ரோட்டுக்கு அந்தாண்ட போனா. நாந்தான் கொன்னேன்."

அவள் சொல்லி முடித்தபோது ஜீவிதா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினி எடம் தள்ளுன?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"ஒண்ணு. நாலுலேர்ந்து அஞ்சு."

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் அந்தக் குரல் உடைந்திருந்தது. "நா வந்தப்போ அது அஞ்சாவதா கெடந்துச்சி. ஆளக் காணோம், வந்தா பாத்துக்கலாம்னு ரெண்டு எடம் தள்ளுனேன்டீ. அதுக்கப்புறந்தான் இந்தச் சட்டமெல்லாம் போட்டேன்."

"நா ஒண்ணு," என்றாள் நூர்ஜஹான். "வந்தப்போ ஏழாவதா கெடந்துச்சி. ஒரு எடந்தானேன்னு."

அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. செத்துப்போனவர்கள் தள்ளியதை அவர்கள் மருமகள்கள் சொன்னார்கள், காலி செய்துகொண்டு போனவர்கள் தள்ளியதைப் பக்கத்து வீட்டுக்காரிகள் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் நாலாவது குடம் இருபத்து மூன்றாவது குடமானதற்குச் சரியாக இருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு, மற்றவளுக்குத் தெரியாமல் அழுது, மற்றவளோடு சேர்ந்து தண்ணீர் பிடித்திருந்தார்கள். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

"அந்த நாலாவது எடத்த அவளுக்கே குடுத்துரலாம், புள்ள பொழச்சிக்கும்," என்றாள் எஸ்தர்.

"எடத்தக் குடுத்துட்டா அவ பூடுவா," என்றாள் தரைத்தளத்து ஒருத்தி மெதுவாக. "அப்பால தண்ணிக்கி இன்னா பண்றது? மழைக்கி இன்னும் நாலு மாசம் கீது."

நியாயமான கேள்விதான். எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன. யாரும் அவளைத் திட்டவில்லை. நூர்ஜஹான் மட்டும் ஜீவிதாவின் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் புள்ள ஒதட்டப் பாரு. பாத்துட்டு அந்தத் தண்ணியில ஒலை வய்யி, முடிஞ்சா."

கன்னியம்மா குனிந்து தன் குடத்தை ஓர் இடம் பின்னால் இழுத்தாள். சிமெண்டில் பிளாஸ்டிக் தேயும் சத்தம் கேட்டது. அடுத்தவள் இழுத்தாள். அதற்கடுத்தவள். "நாங்கல்லாம் அப்போ இங்க இல்லவே இல்லியே," என்று முனகிய புதுக் குடித்தனக்காரியும் முனகிக்கொண்டே இழுத்தாள். ஒவ்வொரு குடம் பின்னால் வரும்போதும் நனைந்தவள் ஓரடி முன்னால் வந்தாள். அவள் கால் தூக்கி வைத்ததை யாரும் பார்க்கவில்லை, ஈரம் மட்டும் நகர்ந்தது. ஜீவிதா வீட்டுக் குடத்தின் முறை வந்தது.

"எங்க கொடத்தையும் தள்ளணுமா?" என்று கேட்டாள் அவள், உலர்ந்த குரலில்.

அவளே எழுந்து குடத்தைத் தள்ளிவிட்டு, எஸ்தரைத் திரும்பிப் பார்க்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறிப் போய்விட்டாள்.

கடைசியாக எஸ்தர் தன் குடத்தை இழுத்தாள். சுகுணா நாலாவது இடத்துக்கு வந்தாள்.

லாரி வந்தது. ஹோஸ் பிடிக்கிறவன் நிமிர்ந்து முகம் பார்க்கிற வழக்கமில்லாதவன். ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் "சு" போட்ட மஞ்சள் குடம் என்று வரிசையாக நிரப்பினான். குடம் தளும்பியது. சுகுணா நனைந்த முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். தலைக்குடத்தைத் தானே ஏற்றிக்கொள்ள யாராலும் முடியாது, இன்னொருத்தி ஒரு கை கொடுக்க வேண்டும். எல்லாரும் எஸ்தரைப் பார்த்தார்கள்.

எஸ்தர் கிட்டே போனாள். கல்லறைத் தோட்டத்தில் மழை பெய்தால் வருமே, அந்தக் குளிர் வந்தது. இரண்டு கையாலும் குடத்தைத் தூக்கினாள், மறுபக்கம் விரல்கள் சுருங்கிப்போன இரண்டு ஈரக் கைகள் சேர்ந்து பிடித்தன, குடம் மேலே போகப் போகக் கூந்தல் இரண்டாகப் பிரிந்து முகம் தெரிந்தது. பன்னிரண்டு வருஷமாக எஸ்தர் கனவில் பார்த்துப் பயந்த முகம் இல்லை அது. இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் முகம், இப்போதைய எஸ்தரைவிடச் சின்னவள். கோபமே இல்லை. குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு வந்தவளின் அவசரம் மட்டும் இருந்தது.

"டைம் ஆயிடுச்சி எஸ்தரு," என்றாள் சுகுணா. "புள்ள அழுவுது."

அவள் படியேறினாள். பெண்கள் எல்லாரும் ஒரு மாடி தள்ளிப் பின்னாலேயே ஏறினார்கள். மூன்றாம் மாடியில் தடங்கள் நிற்கவில்லை. நாலாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜீவிதா நின்றாள், அவளுக்குப் பின்னால் தணிகாசலம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். தலைக்குடத்தை இறக்கவும் ஒரு கை வேண்டும். ஜீவிதா எட்டினாள், எட்டவில்லை, குதிகாலைத் தூக்கினாள். அம்மாவின் கைமேல் அவள் கை பட்டது. இருவருமாக இறக்கி வைத்தார்கள். கூந்தலிலிருந்து இரண்டு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது, அவள் துடைக்கவில்லை.

ஜீவிதா ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் படிக்கட்டே பார்த்துக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். இன்னொன்று கேட்கவில்லை.

அழுகை நின்றது. அதன் பிறகு சொட்டும் சத்தமும் நின்றது. சுகுணாவின் புடவை ஓரத்திலிருந்து உலர்ந்துகொண்டே வந்தது, முந்தானை உலர்ந்தது, கடைசியில் கூந்தல் உலர்ந்து, வெயிலில் காயவைத்த தலைமுடியின் மணம் மாடி முழுக்க ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு அங்கே யாரும் இல்லை. வைகாசி வெயிலில் தரையும் காய்ந்துவிட்டது.

பதினோராம் பிளாக் மறுபடி வறண்டது. "பேயக்கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியாதவளுங்க," என்று ஒன்பதாம் பிளாக்கில் சிரித்தார்கள். கன்னியம்மா சண்டைக்குப் போகவில்லை. குளிக்க அரைக் குடம், குடிக்க ஒரு குடம் என்று அளந்து அளந்து ஆனி கழிந்தது.

ஜீவிதா தேறிவிட்டாள். எஸ்தரிடம் மட்டும் வரவில்லை. படியில் எதிர்ப்பட்டபோது எஸ்தர்தான் நின்றாள்.

"நா உங்கூட பேச மாட்டேன் அத்தை," என்றாள் ஜீவிதா. "கொஞ்ச நாளைக்கி."

"எத்தினி நாளைக்கி கண்ணு?"

"தெரியாது."

எஸ்தர் தலையாட்டினாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்தக் கொஞ்ச நாளைக் கேட்டுக் குறைக்கத் தனக்கு உரிமையில்லை என்று அவளுக்குத் தெரியும். மேலே போய்க் கதவைத் தட்டவில்லை, யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. மத்தியானம் மட்டும் எப்போதும் போல ஜீவிதாவுக்கும் சேர்த்து வடித்தாள். மிஞ்சியதை நீர் ஊற்றி வைத்துக் காலையில் தானே குடித்தாள். நாற்பத்தோரு நாள் அப்படிப் போனது.

நாற்பத்திரண்டாம் நாள் மத்தியானம் யாரோ தட்டாமலே கதவைத் தள்ளினார்கள். ஜீவிதா பள்ளிக்கூடப் பையைக் கழற்றி மூலையில் போட்டாள். எஸ்தரின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய் அடுப்பு மேலிருந்த சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"பசிக்கிது அத்தை," என்றாள்.